நூற்றுக்கு ஐந்து

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் அணி, 2007 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம் ஓர் ஆட்டத்தில் தோற்றது. அடுத்த தோல்வி 2010 செப்டம்பர் 11 அன்று, அதே ஸ்டான்ஃபோர்டிடம். இடையில் மூன்று ஆண்டுகள், 109 ஆட்டங்கள். அத்தனையும் வெற்றி.

அந்த வரிசைக்குள் இன்னொரு வரிசையும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் தேசிய இறுதிப்போட்டியில் கடைசி செட்டை வென்று பென் ஸ்டேட் கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டு அரையிறுதிக்கு வரும்வரை ஆடிய 36 ஆட்டங்களில் ஒரு செட்டைக்கூட அது விடவில்லை. ஒமாஹா நகரில் நடந்த அரையிறுதியில், எதிரணியான நெப்ராஸ்காவின் சொந்த ரசிகர்கள் நிறைந்த அரங்கில், முதல் இரண்டு செட்டும் பென் ஸ்டேட்டுக்கே. ஆட்டத்துக்கு மூன்று செட் வீதம் 36 ஆட்டங்களில் 108 செட். 1, 108, 2 என்று கூட்டினால் தொடர்ச்சியாக 111 செட். அதற்குப் பிறகுதான் நெப்ராஸ்கா இரண்டு செட்டை மீட்டது. ஐந்தாவது செட்டில் பென் ஸ்டேட் மறுபடி வென்றது.

இந்த அணியின் பெஞ்சில் கையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர் ரஸ் ரோஸ். 1979 முதல் 2021 வரை 43 சீசன் ஒரே கல்லூரி, ஒரே வேலை. 1,330 வெற்றி, 229 தோல்வி, ஏழு தேசியப் பட்டங்கள். ஒரு கல்லூரிப் பயிற்சியாளரின் வாழ்க்கையில் இப்படி ஒரு கணக்கு எப்படிச் சேர்கிறது? திறமை, உழைப்பு, ஒழுக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் திறமையும் உழைப்பும் எதிரணியிடமும் இருந்தன. இந்தக் கேள்விக்கு இன்னும் துல்லியமான விடை ஒன்று கணிதத்தில் கிடைக்கிறது. அது என்னை வியக்க வைப்பதால்தான் இந்தக் கட்டுரை.

சர்வீஸ் போட்டது முதல் பந்து தரையைத் தொடும்வரை நடப்பது ஒரு ராலி. இன்றைய விதிப்படி ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி. 25 புள்ளி எடுத்தால் செட், மூன்று செட் எடுத்தால் ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் ஐந்தாவது செட் 15 புள்ளிக்கு. நெருக்கமாகப் போகும் ஒரு செட்டில் ஏறத்தாழ ஐம்பது ராலி இருக்கும். இரு அணியும் சமபலம் என்றால் ஒவ்வொரு ராலியும் யாருக்குப் போகும் என்பது நாணயம் சுண்டுவது மாதிரிதான். செட்டும் அப்படியே, ஆட்டமும் அப்படியே.

இப்போது ஓர் அணி கொஞ்சம், மிகக் கொஞ்சம், மேம்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு ராலியில் 50க்குப் பதில் 55 அதற்குக் கிடைக்கிறது. ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று ராலிதான் பக்கம் மாறியிருக்கின்றன. பார்வையாளர் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ராலியும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த அணி ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 76 ஆகிறது. ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 90 ஆகிறது. 55 என்பதை 60 ஆக்கினால், ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 99ஐத் தாண்டிவிடுகிறது.

நூற்றுக்கு ஐந்து என்ற சிறிய விளிம்பு, செட்டாகவும் ஆட்டமாகவும் அடுக்கும்போது இவ்வளவு பெரிதாகிவிடுகிறது. 109 ஆட்டங்களுக்கு இதே கணக்கை நீட்டிப் பாருங்கள். ஆட்டத்துக்கு 90 சதவீத வாய்ப்புள்ள அணி 109 ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். ராலியில் 60 சதவீதம் எடுக்கும் அணிக்கோ அது பாதிக்கும் மேல். 111 செட்டைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்றால் 60கூடப் போதாது. 65 எடுக்கும் அணிக்கே அதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. உண்மை ஆட்டத்தில் எதிரணிகள் மாறுகின்றன, மனநிலை மாறுகிறது, கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் திசை இதுதான். ஒரு பயிற்சியாளரின் வாழ்நாள் வேலையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன்: நூறு ராலியில் ஐந்தைத் தன் பக்கம் திருப்புவது.

அந்த ஐந்து எங்கே ஒளிந்திருக்கிறது?

ரோஸ் இந்தக் கேள்வியை இளம் வயதிலேயே பிடித்துக்கொண்டவர். சிகாகோக்காரர். அந்த ஊருக்கு அருகே இருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்து வாலிபால் ஆடினார். ஒய்எம்சிஏ இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. வாலிபாலே 1895இல் மாசசூசெட்ஸின் ஹோலியோக் ஒய்எம்சிஏவில் பிறந்த ஆட்டம்தான். இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்ததும் அதே இயக்கம். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியும் அந்த வேரிலிருந்து வந்த கிளை. ஜார்ஜ் வில்லியம்ஸில் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோல்மன், அமெரிக்க தேசிய அணிக்கும் பயிற்சி தந்தவர். ஆட்டக்காரரின் ஒவ்வொரு தொடுகைக்கும் மதிப்பெண் போடும் முறையை அமெரிக்காவில் உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். அந்தச் சூழலில் வளர்ந்த ரோஸ், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு எடுத்துக்கொண்ட ஆய்வும் வாலிபால் புள்ளிவிவரம் பற்றியதுதான். அடுத்த ஆண்டே பென் ஸ்டேட்டில் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அன்று தொடங்கிய குறிப்பெடுக்கும் பழக்கத்தைக் கணினியும் வீடியோவும் வந்த பிறகும் அவர் விடவில்லை. ஆட்டம் நடக்கும்போதே தன் கையால், தன் முறையில், தாளில் குறித்துக்கொண்டே இருப்பார்.

அந்தத் தாளில் என்ன குறிக்கலாம் என்று பார்க்க ஒரே ஒரு தொடுகையை அருகில் போய்ப் பார்ப்போம். எதிரணி சர்வீஸ் போடுகிறது. பந்து சுழலாமல் மிதந்து வருகிறது. சுழலாத பந்துதான் ஆபத்து. பந்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சீராக ஓடும். அதற்கு மேலே கலங்கி ஓடும். கலங்கி ஓடும்போது காற்றின் எதிர்ப்பு திடீரெனக் குறையும். மிதவை சர்வீஸின் வேகம் இந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. பந்தின் தையல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் சீராகவும் மறுபக்கம் கலங்கியும் ஓடலாம். அதனால் வழியிலேயே பந்து பக்கவாட்டில் நெளிகிறது, சட்டென்று இறங்குகிறது. 260 முதல் 280 கிராம் எடையுள்ள லேசான பந்து என்பதால் காற்று சொன்னபடியெல்லாம் அது கேட்கிறது.

அந்தப் பந்தை ஒரு பெண் முன்கைகளில் வாங்குகிறாள். இதுதான் பாஸ். வலைக்குப் பக்கத்தில் நின்று அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் தலைக்கு மேலே பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தால் மூன்று மதிப்பெண். செட்டர் இப்போது இடப்பக்கம் தூக்கலாம், வலப்பக்கம் தூக்கலாம், நடுவில் ஏற்கெனவே எழும்பிவிட்ட ஆட்டக்காரிக்குக் குறுகிய வேகப்பந்தாகவும் கொடுக்கலாம். எதிரே நடுவில் பிளாக் செய்ய, அதாவது வலைக்கு மேலே கைகளை உயர்த்தித் தடுக்க, நிற்பவள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒரு கணம் காத்திருந்தே ஆக வேண்டும். பாஸ் வலையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலகிவிட்டால் நடு வேகப்பந்து வழக்கமாகக் கைவிட்டுப் போகும். மதிப்பெண் இரண்டு. பந்து எங்கோ பறந்து, செட்டர் ஓடிப்போய் ஒரே ஒருத்திக்கு உயரமாகத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தால் ஒன்று. அங்கே எதிரணியின் இரண்டு பேர் கைகளை உயர்த்திக்கொண்டு ஏற்கெனவே தயாராக நிற்பார்கள். பந்து எடுக்கவே முடியாமல் போனால் பூஜ்யம்.

ஒருத்தி 20 சர்வீஸ் வாங்குகிறாள். எட்டு மூன்று, ஏழு இரண்டு, நான்கு ஒன்று, ஒரு பூஜ்யம். கூட்டினால் 42, சராசரி 2.1. இன்னொருத்தி 1.8. கைதட்டல் விழுவதெல்லாம் வலைக்கு மேலே எழும்பி ஓங்கி அடிப்பவளுக்கு. ஆனால் அந்த அடிக்கு முன் ஒற்றை பிளாக் நின்றதா, இரட்டை பிளாக் நின்றதா என்பதைத் தீர்மானித்தது இரண்டு தொடுகைக்கு முன்னால் நடந்த பாஸ். நாம் தேடும் ஐந்தில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது.

இன்னொரு பங்கு அடிப்பவளின் கணக்கில். பார்ப்பவர்கள் புள்ளியான அடிகளை எண்ணுவார்கள். பயிற்சியாளர்கள் அதிலிருந்து பிழைகளைக் கழிப்பார்கள். 30 முறை அடித்து 12 புள்ளி எடுத்தவள், ஆறு முறை வெளியே அடித்தோ வலையில் அடித்தோ பிளாக்கில் மாட்டியோ புள்ளியைக் கொடுத்துவிட்டாள் என்றால் அவள் கணக்கு 12இல் ஆறு போக ஆறு. 30ஆல் வகுத்தால் 0.200. அதே 30இல் பத்துதான் எடுத்து ஒரே ஒரு பிழை செய்தவளுக்கு 0.300. ஆட்டம் முடிந்து நினைவில் நிற்பவள் முதல் பெண். அணிக்கு அதிகம் உதவியவள் இரண்டாவது பெண்.

பிழையின் விலை எப்போதும் இவ்வளவு இருந்ததில்லை. ரோஸின் முதல் இருபது ஆண்டுகளில் கல்லூரி ஆட்டத்தில் பெரும்பாலும் சர்வீஸ் போடும் அணி மட்டுமே புள்ளி எடுக்க முடிந்தது. சர்வீஸை வெளியே அடித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும். 2001 முதல் எல்லா ராலிக்கும் புள்ளி என்று ஆனது. செட் முதலில் 30 புள்ளிக்கும், 2008 முதல் 25 புள்ளிக்கும் வந்தது. இனி ஒவ்வொரு பிழையும் எதிரணிக்கு ஒரு புள்ளி. பயமில்லாமல் ஓங்கி சர்வீஸ் போடுவது எப்போது லாபம், எப்போது நஷ்டம் என்ற கணக்கையே எல்லோரும் மறுபடி போட வேண்டியிருந்தது. இடதுகைக்காரியான மைக்கா ஹேன்காக்கின் எழும்பி அடிக்கும் சர்வீஸ் 2013, 2014 பட்டங்களில் பென் ஸ்டேட்டின் பெரிய ஆயுதம். அவள் வெளியே அடித்த சர்வீஸ்களுக்கு விலை உண்டு. அவள் சர்வீஸ் எதிரணியின் பாஸை மூன்றிலிருந்து ஒன்றாக்கிய தருணங்களுக்கும் விலை உண்டு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தத் தெரிந்தால்தான் அவளை ஓங்கி அடிக்கச் சொல்ல முடியும்.

இதில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. நூற்றுக்கு ஐந்தை ஒரு நாள் ஆட்டத்தில் கண்ணால் காணவே முடியாது. ஒருத்தியின் உண்மையான திறன் நூறு அடிக்கு 40 புள்ளி என்று வைப்போம். ஓர் ஆட்டத்தில் அவள் 25 முறை அடித்தால், வெறும் தற்செயலால் மட்டுமே அன்றைய கணக்கு 30க்கும் 50க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். நேற்று 32, இன்று 48 என்றால் அவள் முன்னேறிவிட்டாள் என்று பொருள் இல்லை. அவள் மாறவே இல்லாமலும் இருக்கலாம். ஐந்து சதவீத வித்தியாசத்தை ஓரளவு நம்பிச் சொல்லவே பல நூறு அடிகளை எண்ண வேண்டும். அதுவரை பார்ப்பவரின் மனம் கடைசியாகப் பார்த்த அற்புதமான அடியையே நினைவில் வைத்திருக்கும். பயிற்சி நாட்களிலும் ஆட்ட நாட்களிலும், வருடக்கணக்கில், சலிக்காமல் எண்ணுபவருக்கு மட்டுமே அந்த ஐந்து தென்படும். மற்ற எல்லோருக்கும் அது அதிர்ஷ்டமாகவோ மந்திரமாகவோதான் தெரியும்.

எண்ணினால் போதுமா? குறை எங்கே என்று தெரிந்த பிறகு அதைச் சரிசெய்ய வேண்டியது ஓர் உடல். அதுவும் மிகக் குறுகிய நேரத்துக்குள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து ஒரு நொடியில் 22 மீட்டர் போகும். ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் தடுப்பாளரை அது மூன்றில் ஒரு நொடியில் வந்தடையும். ஒளியைப் பார்த்துக் கையை அசைக்கவே மனித மூளைக்கு ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. பந்தைப் பார்த்த பிறகு ஓடுவதற்கு நேரமில்லை. ஆனாலும் நல்ல தடுப்பாளர்கள் பந்து வரும் இடத்தில் இருக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் பார்ப்பது பந்தை அல்ல. அடிப்பவளின் ஓட்டம், தோள் திரும்பிய கோணம், கை பின்னால் போன விதம் ஆகியவற்றை அடி விழும் முன்பே படித்துவிடுகிறார்கள்.

1980இல் பிரான் அலார்டு, ஜேனட் ஸ்டார்க்ஸ் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் வாலிபால் ஆடும் பெண்களுக்கும் ஆடாதவர்களுக்கும் ஆட்டப் படங்களை இமைப்பொழுது மட்டும் காட்டினார்கள். படத்தில் பந்து இருந்ததா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட வேகமாகச் சொன்னார்கள், துல்லியம் குறையாமல். அவர்கள் கண் மருத்துவரிடம் போனால் நம்மைவிடக் கூர்மையான பார்வை என்று சீட்டு வாங்கப் போவதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான மணிநேரப் பயிற்சி அவர்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அப்படியானால் இதுவும் கற்றுத்தரக் கூடியது.

எப்படிக் கற்றுத்தருவது என்பதிலும் அறிவியல் நம் உள்ளுணர்வுக்கு எதிராக ஒன்றைச் சொல்கிறது. ரோஸ் பென் ஸ்டேட்டில் சேர்ந்த அதே 1979இல் ஷே, மோர்கன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கையில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு மரத் தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு ஒவ்வொரு வரிசையையும் முழுதாகப் பழகி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பயிற்சியின்போது முதல் குழுதான் நன்றாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகிய குழு தெளிவாக முந்தியது. ஒவ்வொரு முறையும் மூளை அந்த அசைவை மறுபடி தேடி எடுத்துத் தொகுக்க வேண்டியிருந்ததால் அது ஆழமாகப் பதிந்தது என்பது ஒரு விளக்கம்.

பயிற்சி மைதானத்தில் இதன் பொருள் கடினமானது. ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி நூறு பந்தை எறிந்து பாஸ் செய்யச் சொன்னால் எல்லாம் அழகாக இருக்கும். பயிற்சியாளருக்கும் மாணவிக்கும் மகிழ்ச்சி. உண்மையான சர்வீஸை வாங்கச் சொல்லி, வாங்கியவுடன் ஓடிப்போய் அடிக்கச் சொல்லி, அடித்தவுடன் தடுக்கச் சொன்னால் பயிற்சி அலங்கோலமாக இருக்கும். ஆனால் ஆட்ட நாளில் கைகொடுப்பது அந்த அலங்கோலம்தான். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் கார்ல் மக்கவன் இந்த இயக்கக் கற்றல் அறிவியலை அமெரிக்க வாலிபால் பயிற்சியாளர்கள் மத்தியில் பரப்பியவர். அவர் பயிற்சியளித்த ஆண்கள் அணி 1999இலும் 2001இலும் தேசியப் பட்டம் வென்றது.

கல்லூரிப் பயிற்சியாளருக்கு மட்டுமே உரிய சோதனை ஒன்றும் உண்டு. அவருடைய அணி ஒருபோதும் முடிவடைவதில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் நான்கு சீசன். பட்டங்களை வென்ற அணியின் செட்டர் அலிஷா கிளாஸ் 2009உடன் போய்விடுவார். பெரிய அடிகளுக்குப் பெயர்பெற்ற மேகன் ஹாட்ஜும் போய்விடுவார். பின்னாளில் இருவரும் ஒலிம்பிக் பதக்கம் வெல்வார்கள், ஆனால் பென் ஸ்டேட்டுக்காக இனி ஆட மாட்டார்கள். பதினெட்டு வயதுப் பெண்கள் புதிதாக வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பாஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நூற்றுக்கு ஐந்தை ஒரு முறை திருப்பினால் போதாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அது கையைவிட்டு நழுவுகிறது, மீண்டும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு சம்பாதித்தாலும் தற்செயலின் பங்கு மிச்சம் இருக்கத்தான் செய்யும். ரோஸின் முதல் பட்டத்துக்கு இருபது ஆண்டுகள் ஆயின. 1993, 1997, 1998 என மூன்று இறுதிப்போட்டிகளில் அவர் அணி தோற்றது. அதுவரை கிழக்குப் பகுதிக் கல்லூரி எதுவும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. 1999இல்தான் அது வசப்பட்டது. 2009 இறுதிப்போட்டியில் டெக்சாஸ் முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டது. அங்கிருந்து மூன்று செட்டைத் தொடர்ந்து எடுத்துப் பென் ஸ்டேட் வென்றது. ஓரிரு ராலி மறுபக்கம் போயிருந்தால் அந்த வெற்றி வரிசை அன்றே முடிந்திருக்கும். 2010இல் வரிசை முறிந்த பிறகும், அந்தச் சீசனில் ஐந்து ஆட்டங்களில் தோற்ற பிறகும், டிசம்பரில் பட்டம் மீண்டும் பென் ஸ்டேட்டுக்கே வந்தது. ஒரு தோல்வியில் கலங்காமல், ஒரு வெற்றியில் மயங்காமல் மறுநாள் பயிற்சிக்குப் போக முடிவதை நாம் மனவலிமை என்கிறோம். அதற்குள் வாய்ப்பியல் புரிதலும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு நாளின் முடிவு அணியின் உண்மைத் திறனைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது என்று அறிந்தவர் அவ்வளவு எளிதில் ஆடிப்போக மாட்டார்.

2021 சீசனோடு ரோஸ் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் கேட்டி ஷூமாக்கர்-காலி. 1999இல் அந்த முதல் பட்டத்தை வென்ற அணியில் ஆடிய மாணவி. 2024 சீசனின் நடுவே அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார். டிசம்பர் அரையிறுதியில் நெப்ராஸ்காவிடம் இரண்டு செட் பின்தங்கி, பிறகு வென்று, இறுதியில் லூயிவில் அணியை அதன் சொந்த ஊரிலேயே தோற்கடித்து அவருடைய அணி பட்டம் வென்றது.

இந்தத் தேசியப் போட்டி 1981இல் தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண், பெண் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1972இல் வந்த பிறகு பெண்கள் விளையாட்டு வேகமாக வளர்ந்த காலம் அது. ஆயினும் பெண்கள் ஆடும் இந்த ஆட்டத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல், பட்டம் வென்ற ஒவ்வொரு அணியின் தலைமைப் பயிற்சியாளரும் ஆணாகவே இருந்தார். பெண்களுக்குத் திறன் குறைவு என்பதால் அல்ல. அந்த நாற்காலி அவர்களுக்கு அரிதாகவே தரப்பட்டது. அதை முதலில் மாற்றியவர் ஷூமாக்கர்-காலி. வாலிபாலில் எதை எண்ண வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது புத்தகத்தைவிட ஆளிடமிருந்து ஆளுக்கே அதிகம் போகிறது. அது ஒரு மாணவிக்குப் போய்ச் சேர்ந்தது. அவளிடமிருந்து இப்போது அடுத்த தலைமுறை மாணவிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கல்லூரிப் பயிற்சியாளரின் 43 ஆண்டுகளை அளக்க என்னிடம் 1,330ஐவிடப் பெரிய எண் இதுதான்: அந்த நாற்காலியில் வென்ற முதல் பெண், ஒருத்தி.